அரைக் கட்டை ஏற்றம்

உங்கள் மின்விசிறி நல்ல சுருதியில் ஓடுகிறது, சார். நாலு கட்டை. தேய்ந்த விசிறிகள் பாதியிலேயே இறங்கிவிடும், இது நிற்கிறது. வாங்கியவர் விவரமான ஆள்.

என்ன தொழில் என்று கேட்டீர்கள். பாட்டு என்று ஒரே வார்த்தையில் முடித்தால் எனக்குத்தான் நஷ்டம். அப்பா ஜவுளி வியாபாரி. பட்டு விலை போகாத நாளில் பாவாடை நாடா விற்பார். கடை மூடியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். நானும் அப்படியே. முறையாகக் கற்று மேடை ஏறினேன். மேடை கூப்பிடாத மாதங்களில் சினிமாப் பாட்டுக்குப் பின்னால் நின்று ‘ஆ’ பாடினேன். சோப்பு விளம்பரம் பாடினேன். அழத் தெரியாத நடிகைகளுக்காக மைக் முன்னால் விம்மிக் கொடுத்தேன். ஒரு பெரிய கட்டடத்து லிஃப்டில் ‘கதவு மூடுகிறது’ என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது நான்தான். என் ரசிகர்களில் பாதியில் எழுந்து போக முடியாதவர்கள் அந்த லிஃப்டில் ஏறுகிறவர்கள் மட்டுமே.

பிறகு வீட்டில் வகுப்பு. அங்கேதான் என் தம்பி மனைவி வந்து உட்கார்ந்தாள். கணக்கு ஆபீஸில் வேலை. பொழுது போகட்டும் என்று வந்தவள். மூச்சு வாங்காமல் பாடுவதால் மற்ற பெண்கள் அவளுக்கு ‘பலூன்’ என்று பேர் வைத்தார்கள். கொள்முதலுக்குப் போன இடத்தில் சரக்கு உயர்ந்ததாக இருந்தால் அப்பா முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டார். நானும் காட்டிக்கொள்ளவில்லை.

வருடாவருடம் என்னைப் பாட வைக்கும் அரங்கத்தின் செயலாளர் ஒருநாள் வாசலில் நின்று அவள் பாடியதைக் கேட்டுவிட்டார். உள்ளே வந்து காப்பியைக் குடித்துவிட்டு, “இந்தத் தடவை பெரிய கச்சேரியத் தம்பி சம்சாரத்துக்குக் குடுத்துடலாமே மேடம். நீங்க முன்வரிசையில உக்காந்து கேளுங்க,” என்றார்.

“தாராளமா,” என்றேன். அந்த ஒரு மாலை போனால் எனக்கு மிச்சம் லிஃப்ட்தான்.

அவர் போனதும் அவள் பக்கத்தில் வந்தாள். “உங்களுக்கு மனசில்லன்னா நான் பாடலக்கா.”

“போடி. யாரு பாடினா என்ன, பேரு நம்ம வீட்டுக்குத்தானே.”

ஒவ்வொரு குரலுக்கும் இயல்பான உயரம் ஒன்று உண்டு. அதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். அவளுக்கு ஐந்து. பாடுகிறவர் ஒட்டிப் பாட வேண்டிய உயரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும் சுருதிப் பெட்டியை என் வகுப்பில் நான் மட்டுமே தொடுவேன். அதன் முகம் என் பக்கம்தான் திரும்பியிருக்கும். கச்சேரிக்குத் தயார் செய்கிறேன் என்று பெட்டியின் திருகை மயிரிழை மயிரிழையாக ஏற்றினேன். ஒரேயடியாக ஏற்றினால் குழந்தைக்கும் தெரிந்துவிடும். கோடை முடிவதற்குள் ஐந்தரை. பிறகு இன்னும் ஒரு அரை, ஆறு. சொல்லிக் கொடுக்கும்போது நான் கீழ்க்குரலில் முணுமுணுத்துக் காட்டுவேன். மேலே ஏறுவது அவள் வேலை.

“மேல போறப்ப முள்ளு குத்தற மாதிரி இருக்குக்கா.”

“சாதகம் பத்தல. இன்னொரு தடவை பாடு.”

தொண்டை டாக்டரிடம் நானேதான் அழைத்துப் போனேன். குரல்நாண் வீங்கியிருக்கிறது, ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்றார். வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

“அவருக்கு ஊசி போடத் தெரியும், பாட்டு தெரியுமா? சும்மா இருந்தா குரல் துருப்பிடிச்சுடும். சத்தம் வராம கிசுகிசுன்னு பாடு, போதும்,” என்றேன்.

வீங்கிய தொண்டையை அழுத்திக் கிசுகிசுப்பதும் ரணத்தைத் தேய்ப்பதும் ஒன்று. மைக்கை நம்பிப் பிழைத்தவர்களுக்கு இது தெரியும். அவளுக்குத் தெரியாது. சொன்னபடி செய்தாள்.

மேடையிலும் பெட்டியை நான்தான் வைத்தேன். வயலின்காரர் தந்தியை முறுக்கிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் ஏத்தமா இல்ல?” என்றார். “அவ குரலே அதுதான்,” என்றேன். கச்சேரியின் பெரிய பாட்டில், உச்சத்தில், துணி கிழிவது போல ஒரு சத்தம். கைக்குட்டையில் ரத்தம். இப்போதெல்லாம் என் தம்பியைக் கூப்பிட அவள் கை தட்டுகிறாள்.

அவளுடைய அப்பா உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். வெளியே உட்கார்ந்திருக்கும் என் தம்பி உங்களிடம் சொன்னதுகூட எனக்குக் கேட்டது. உங்கள் கதவு மெல்லியது. “அக்காவுக்கு வயசாயிடுச்சு சார். காது முன்ன மாதிரி இல்ல. தெரியாம ஏத்தி வச்சிருப்பாங்க.” நல்ல பிள்ளை. அதற்குத் தலையாட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்று நீங்களும் ஜாடை காட்டினீர்கள்.

நன்றி. ஆனால் அப்படி எழுதாதீர்கள். என் காது ஒருநாளும் தவறியதில்லை. எவ்வளவு ஏற்ற நினைத்தேனோ அவ்வளவுதான் ஏற்றினேன். குரல் போய்விடும் என்று தெரிந்துதான் ஏற்றினேன்.

பொறாமை என்று எழுதப் போகிறீர்கள். அதுவும் சரியில்லை. குரல் கிழிந்த அந்த இடத்தில்கூட அவள் சுருதி விலகவில்லை, சார். பொறாமைக்காரி இவ்வளவு சுத்தமாகச் சொல்லிக் கொடுத்திருப்பாளா?