நோயின் பேரைச் சொல்லியே எழுதச் சொன்ன ஆவுடைத்தாய் அம்மையாருக்கு

திருத்தங்கல் பெண்கள் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியையாய் வீற்றிருந்து, தீப்பெட்டி ஒட்டிய பசை காயாத பிஞ்சு விரல்களில் சிலேட்டுக் குச்சியைப் பிடிக்க வைத்த பெருமாட்டியே! அதட்டினால் அடுத்த தெருவுக்கே கேட்கும் குரலும், அழுகிற குழந்தைக்கு மட்டும் கேட்கும் குரலும் ஒருங்கே வாய்த்த அன்னையே! வணக்கம்!

தங்கள் பணி நிறைவு நாளில் புகழ்மாலை தொடுக்கவே நாங்கள் அமர்ந்தோம். தாங்கள் தடுத்தீர்கள். "என்னைப் புகழ்றதெல்லாம் வேண்டாம் டீச்சர். எனக்கு வந்த சீக்கை அது பேரைச் சொல்லியே எழுதுங்க. மூலம்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே கெடக்குற ஒருத்தியாவது கேக்கட்டும்" என்றீர்கள். அச்சொல்லை மீற எங்களால் ஆகாது. ஆகவே தங்கள் முன்னிலையிலேயே தங்களை 'அம்மையார்' என்று சுட்டி, நடந்ததை இந்த அவைக்கு உரைக்கிறோம், பொறுத்தருள்க!

அவையீர்! 1956ஆம் ஆண்டு அம்மையாருக்கு மலத்தோடு இரத்தம் போயிற்று. மூலமென்று நம்பி ஓராண்டு துத்திக்கீரையும் மோருமாகக் கழித்தார். இளமையிலேயே கணவரை இழந்த தனியாள். இப்படியொரு தொல்லையை யாரிடம் சொல்வது? மெலிந்து மயங்கி விழுந்த பிறகே மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். மலக்குடலில் புற்றுநோய் என்றார்கள். மலக்குடலையே அகற்றி, மலம் வெளியேற இடப்பக்க வயிற்றில் வழி வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

திரும்பி வந்தவர் வயிற்றில் துணிக்கச்சை கட்டி, அதன்மேல் சேலையை இறுக்கிச் சுற்றி வகுப்புக்கு வந்தார். வாடை வந்துவிடுமோ என்ற கூச்சத்தில் பகலில் பட்டினி கிடந்தார். சன்னலோரமே நின்று பாடம் நடத்தினார். வாய்ப்பாடு ஒப்பித்த ஒரு குழந்தையும் மூக்கைப் பொத்தியதில்லை.

அறுத்த நோவை விடக் கொடியது அதன்பின் வந்த காத்திருப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போக வேண்டும். டாக்டர் எடை பார்ப்பார், ஈரலை அமுக்கிப் பார்ப்பார், தையலைச் சுற்றித் தடவிப் பார்ப்பார். அந்த விரல்கள் எங்கேனும் ஒரு கணம் கூடுதலாக நின்றால் அம்மையாருக்கு மூச்சு நின்றுவிடும். போவதற்கு முந்தைய வாரம் யாரோடும் பேசமாட்டார். திரும்பி வந்து, "ஒண்ணுமில்லைன்னுட்டாக" என்று அவர் சொன்னால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்.

அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சில் அறிமுகமானவர் அச்சங்குளம் மாரிசாமி. பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி. அவருக்கும் அதே நோய், அதே அறுவை. இரண்டாம் ஆண்டில் அவர் வருவது நின்றுபோயிற்று. அம்மையார் பஸ் பிடித்து அச்சங்குளத்துக்கே போனார்.

"நல்லாத்தான டீச்சர் இருக்கேன்? சீசன் நேரம். லீவு போட்டா வேற ஆளை வச்சிருவாக" என்றார் மாரிசாமி.

"நல்லா இருக்கும்போதுதான் காட்டணும், மாரிசாமி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போனா ஏதாச்சும் சொல்லிருவாகளோன்னு இருக்கு."

"எனக்கும் அந்தப் பயந்தான். ஒவ்வொரு தடவையும் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி ஓடிரலாம்னுதான் வருது. வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படுவோம்."

தீபாவளி கழியட்டும் என்றார் மாரிசாமி. தீபாவளி கழிந்து மதுரைக்குப் போனபோது அவரால் உட்கார முடியவில்லை. பழைய இடத்திலேயே கட்டி முளைத்திருந்தது. வைகாசியில் காலமானார்.

இழவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போன அம்மையாரின் கையை அவர் மனைவி மூக்கம்மாள் பற்றிக்கொண்டார். "நீங்க வந்து கூப்பிட்டப்பவே போயிருந்தா பிழைச்சிருப்பாரா டீச்சர்?"

"தெரியலை தாயி" என்றார் அம்மையார். ஆறுதலுக்காகக்கூட ஒரு பொய் அவர் வாயில் வரவில்லை. ஊர் வந்து சேரும்வரை, தான் இரக்கமில்லாதவளோ என்று மனம் குமைந்ததாகப் பின்னர் எங்களிடம் சொன்னார்.

ஐந்தாண்டுகள் கடந்தன. இனி வருடம் ஒருமுறை வந்தால் போதும் என்றார் டாக்டர். அன்று பள்ளி முழுவதற்கும் சர்க்கரைப் பொங்கல்!

அந்த மகிழ்ச்சியை விதி நீடிக்க விடவில்லை. சென்ற மார்கழியில் இடுப்பில் தொடங்கிய வலி இடக்காலில் இறங்கியது. அம்மையார் டாக்டரிடம் போகவில்லை. வாடைக்காற்று பிடித்திருக்கும் என்றார். பரீட்சை முடியட்டும் என்றார். ஊரையெல்லாம் விரட்டி விரட்டி மதுரைக்கு அனுப்பியவர், தனக்கென்று வந்தபோது மாரிசாமி சொன்னதையே சொன்னார்.

அப்போது மூக்கம்மாள் திருத்தங்கல் தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்கு வந்துவிட்டிருந்தார். ஒருநாள் மாலை, பள்ளி வாசலில் அம்மையார் சுவரைப் பிடித்துப் படியிறங்குவதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார்.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் நடந்தாக டீச்சர். எம்புட்டு நாளாச்சு?"

"சும்மா வாயுப் பிடிப்பு, மூக்கம்மா."

"இந்தச் சோலியெல்லாம் எங்கிட்ட வேண்டாம். நாளைக்கு விடிஞ்சதும் கிளம்புறீக. நான் கூட வாரேன்."

மறுநாள் இருவரும் போனார்கள். டாக்டரின் விரல்கள் ஓரிடத்தில் நின்றன; அங்கிருந்து நகரவில்லை. நோய் திரும்பிவிட்டது, எலும்போடு ஒட்டியிருப்பதால் அறுக்க இயலாது, கதிர் பாய்ச்சும் கரண்டு வைத்தியம் கொடுத்தால் வலி தணியும் என்றார்கள். எத்தனை காலம் என்று அம்மையார் கேட்கவில்லை. பஸ்ஸில் விருதுநகர் வரும்வரை மூக்கம்மாளின் தோளில் சாய்ந்து அழுதார். அதன்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அப்பவே போயிருக்கணும்லா?" என்றார்.

"தெரியலை டீச்சர்" என்றார் மூக்கம்மாள்.

அருமைத் தலைவியே! இனித் தங்களிடமே பேசுகிறோம். வரும் திங்களன்று மதுரையில் வைத்தியம் தொடங்குகிறது. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு மூக்கம்மாள் தங்களோடு தங்குகிறார். நோய்நொடியின்றி நூறாண்டு என்று எழுத எங்கள் கை எழவில்லை. பொய்யென்று தாங்களே அடித்துத் திருத்திவிடுவீர்கள். ஆதலால் எங்களால் வேண்ட முடிந்ததை வேண்டுகிறோம்: வலி மறந்து தாங்கள் உறங்கும் இரவுகள் பெருகட்டும்! விழிக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்! இருக்கன்குடி மாரியம்மன் அந்த மட்டுக்காவது இரங்கட்டும்!

ஞாயிறுதோறும் எங்களில் ஒருவர் அந்த வார்டுக்கு வருவோம். வரவேண்டாமென்று தாங்கள் எவ்வளவு அதட்டினாலும் வருவோம்.

தங்கள் அதட்டலுக்குக் காத்திருக்கும்,
லட்சுமிகாந்தமும் உடன் ஆசிரியைகளும்
திருத்தங்கல், 1963 ஏப்ரல்