அம்பத்தூர் வருவதற்குள் அனுப்ப வேண்டிய மெசேஜ்

மின்சார ரயில் கொரட்டூரைத் தாண்டியதும் என் எதிர் இருக்கைக்காரன் தன் நண்பனிடம் சொன்னான்: "லவ் மெசேஜ் எழுதச் சொன்னா உன் ஏஐ ஒவ்வொரு எழுத்தா அடிக்குது மச்சான். இது முடிக்கறதுக்குள்ள திவ்யாவுக்குக் கல்யாணமே ஆயிடும்."

திவ்யா அதே ரயிலில் பெண்கள் பெட்டியில் இருந்தாள். அம்பத்தூரில் இறங்கிவிடுவாள். நாளைக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம்.

"மெதுவா அடிச்சா யோசிக்கிற மாரி கீதுல்ல?"

"எனக்கு ஏதுடா டைமு? என் ஆப்பு மொத்தத்தையும் ஒரே தபா கொட்டிடும் பாரு."

"கொட்டும். பட்டன்லாம் எறும்பு சைசு. காப்பி பண்ற பட்டன் எதுனு தெரியுதா?"

"தெரியும்டா" என்று அழுத்தினான். அது ஸ்பீக்கர். "அன்புள்ள திவ்யா, உன்னைப் பார்த்த நாள் முதலாய்" என்று செய்தி வாசிக்கும் குரலில் போன் உரக்கப் படிக்கத் தொடங்கியது. பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"நிறுத்துற பட்டன் எங்கடா?"

"அதுவும் எறும்பு சைசுதான் மாமே."

பூக்கூடையோடு இருந்த அக்கா சொன்னாள்: "ஏன் நிறுத்துற நைனா, நல்லாத்தான் கீது. அம்பத்தூர் வந்துகினு கீது பாரு. நேர்ல போய்ச் சொல்லு."

வண்டி நின்றது. கதவருகே நின்றவர்கள் வழிவிட, போனை நண்பன் மடியில் போட்டுவிட்டு அவன் பெண்கள் பெட்டியை நோக்கி ஓடினான்.

மீதிக் காதலைப் போன் எங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.