எப்போது தொடங்கியது என்று கேட்டார்கள்

செல் குண்டு வருகிறது. விசில் சத்தம். பிறகு ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு நிலம் தூக்கிப் போடுகிறது.

நான் மண்ணில் வெட்டிய பங்கருக்குள் இல்லை. வடலிப் பனைப் பற்றைக்குப் பின்னால் குந்தியிருக்கிறேன். போரின் கடைசி மாசி மாதம். வெள்ளிக்கிழமை. காலை ஏழு பத்து. வயிறு முறுக்குகிறது. விடிந்ததிலிருந்து இது ஐந்தாவது தடவை. இரத்தமும் சளியும்.

அம்மா பங்கர் வாசலில் தலையை நீட்டிக் கத்துகிறார்.

"பிள்ளை! ஓடி வா! அடுத்தது வருது!"

எழும்ப முடியவில்லை. "வாறன் அம்மா" என்று கத்தினேன். அவருக்குக் கேட்டதோ தெரியாது. அடுத்த செல் பங்கருக்கு மேலேயே விழுந்தது.

உள்ளே அம்மா. தங்கச்சி நிலானி. நிலானிக்குப் பதினாறு வயது. எனக்கு இருபத்திரண்டு.

நாங்கள் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த குடும்பம். வெட்டாத நெல்லை விட்டுவிட்டு உழவு மெசினில் வெளிக்கிட்டோம். பங்கர் வெட்டிய அந்த இடம் எங்களுக்குப் பத்தாவது இடம். அப்பா கஞ்சி வரிசைக்குப் போயிருந்தார். வாளியோடு ஓடி வந்தார். மண்ணைக் கையால் கிண்டினார். பிறகுதான் என்னைக் கண்டார்.

"நீ எங்கை நிண்டனீ?"

"தண்ணி அள்ளப் போனனான், அப்பா."

பொய். வெளிக்குப் போயிருந்தேன் என்று சொல்ல வெட்கம். அம்மா செத்துக் கிடக்கிற இடத்தில் அதை எப்படிச் சொல்வது? அப்பா அதைப் பிறகு எல்லோருக்கும் சொன்னார். தண்ணிதான் என்ர பிள்ளையைக் காப்பாற்றியது என்றார். போர் முடிந்தபின் செத்தவர்களைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் அதை எழுதிக்கொண்டு போனார்கள். நானும் கையெழுத்து வைத்தேன்.

போர் முடிந்து முகாம். முட்கம்பி. கழிப்பறைக்கு வரிசை. ஒவ்வொரு கூடாரத்திலும் வயிற்றோட்டம். அதனால் என்னுடையதை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பினோம். தறப்பாள் கொட்டில். செல்வனைக் கலியாணம் கட்டினேன். அவரும் வயல் செய்பவர். வயிறு நிற்கவில்லை. ஒவ்வொரு மாலையும் காய்ச்சல். பூச்சிக் குளிசை தந்தார்கள். வயிற்றுளைவுக்கு மருந்து தந்தார்கள். குடலில் காசநோயாக இருக்கலாம் என்றார்கள். குடலில் வரும் வேறு நோயும் அதுபோலவே தெரியுமாம். ஆறு மாதம் அந்தக் குளிசை குடித்தேன். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. நிறை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

முருங்கனில் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனோம். குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். நோய்க்குப் பெயர் வைத்தார்கள். குரோன்ஸ். சொந்தக் குடலையே உடம்பு எதிரியென்று நினைத்துத் தாக்குகிறதாம்.

தமிழ் பேசும் இளம் டொக்டர் ஒருவர் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டார்.

"அக்கா, இது உங்களுக்கு எப்ப தொடங்கினது?"

சொன்னேன். வடலி. ஏழு பத்து. அம்மாவின் சத்தம். முதல் தடவையாகச் சொன்னேன். செல்வன் பக்கத்தில் இருந்தார். அவருக்கும் அன்றுதான் தெரியும். திரும்பும் பஸ் மதவாச்சியைத் தாண்டியது. அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"மாமாவுக்குச் சொல்லாதை. அந்த மனுசன் தாங்கமாட்டார்."

சொல்லவில்லை. அப்பா அடுத்த வருடம் போய்விட்டார்.

இதை மாற்ற ஏலாது, அடக்கி வைக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். முதலில் ஸ்டீரொய்ட். இரண்டு கிழமையில் வயிற்று நோ குறைந்தது. சோறு சாப்பிட்டேன். முகம் பூசணிக்காய்போல் வீங்கியது. குறைத்தால் நோய் திரும்பியது. குறைக்காவிட்டால் எலும்பு உக்கும் என்றார்கள். பிறகு உடம்பின் எதிர்ப்பைத் தணிக்கிற குளிசை. அது வேலை செய்ய மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். காத்திருந்தேன். ஈரல் தாங்கவில்லை. நிறுத்தினார்கள்.

பிறகு நரம்பில் ஏற்றுகிற மருந்து. எட்டுக் கிழமைக்கு ஒருமுறை. அது வேலை செய்தது. இதை எழுதத்தான் வேண்டும். ஒரு வருடமும் இரண்டு மாதமும் நான் மனிசியாக இருந்தேன். வயலுக்குப் போனேன். கோயில் திருவிழாவில் முழு நாளும் நின்றேன். கழிப்பறை எந்தப் பக்கம் என்று தேடாமல் பஸ் ஏறினேன்.

பிறகு நாடே கடனில் விழுந்தது. பெற்றோல் இல்லை. மருந்து இல்லை. பஸ் இல்லை. கிளினிக்குக்குப் போன் எடுத்துக் கேட்போம்.

"இன்னும் வரேல்லை. அடுத்த கிழமை எடுங்கோ."

அடுத்த கிழமையும் அதே சொல். ஏழு மாதம். மருந்து வந்தபோது என் உடம்பு அதை ஏற்கவில்லை. இடைவெளி விட்டதால் அதற்கும் எதிர்ப்பு வந்துவிட்டதாம். ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடம். மூச்சு அடைத்தது. நெஞ்சு இறுகியது. தாதி கத்திக்கொண்டே ஓடி வந்து குழாயைக் கழற்றினார்.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!"

அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது.

ஐப்பசியில் குடல் அடைத்தது. மூன்று நாள் வாந்தி. வெட்டினார்கள். ஒன்றரை அடி. நல்ல குடலோடு நல்ல குடலைத் தைத்தார்கள். பத்து மாதம் கழித்து அந்தத் தையலிலேயே நோய் முளைத்திருந்தது. அது அங்கேதான் வரும் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். நான்தான் கேட்காததுபோல் இருந்தேன்.

வேறொரு மருந்து இருக்கிறது. இங்கே வருவதில்லை. மிச்சம் இரண்டு வழி. இன்னொரு வெட்டு. அல்லது வயிற்றில் ஓட்டை போட்டுப் பை. எது என்று புதன்கிழமை நான் சொல்லவேண்டும். தெரிவு உங்களுடையது என்கிறார்கள். செல்வன் நாள்காட்டியைப் பார்க்காமல் நடக்கிறார்.

நான் கையெழுத்து வைத்த கடதாசியில் தண்ணீர் என்று இருக்கிறது. அது பிழை. திருத்தி எழுதுகிறேன். என்னைக் காப்பாற்றியது இந்த நோய். தின்றுகொண்டிருப்பதும் இதுதான்.

போனவை.

அம்மா. நாற்பத்தெட்டு வயது.

நிலானி. பதினாறு.

அப்பா. தண்ணீர் என்று நம்பியபடியே.

வயிற்றில் நிற்காமல் போன பிள்ளைகள் இரண்டு. ஒன்று மூன்றாம் மாதம். ஒன்று நான்காம் மாதம்.

குடல், ஒன்றரை அடி.

பல், நான்கு.

நிறை, இருபத்தொரு கிலோ.

மிச்சம், முப்பத்தேழு கிலோ.