எல்லாரையும் படம் எடுக்கவைத்த மைமூன் சிஸ்டருக்கு

இந்தக் காலத்தில் பாராட்டு மடல் என்றாலே நம்பிக்கை வருவதில்லை. அச்சாபீசில் மடல் தயாராகக் கிடக்கிறது. பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிறார்கள். முப்பது வருசம் மேசையில் தலை வைத்துத் தூங்கியவன் கடமையின் கதிரவன் ஆகிவிடுகிறான். வாயைத் திறந்தால் வசவு கொட்டியவனைக் கனிவின் கடல் என்று எழுதி, கண்ணாடி போட்டுக் கையில் கொடுக்கிறார்கள்.

இன்று ஓய்வு பெறும் உங்களுக்கு அப்படி ஒரு மடல் வேண்டாம் என்று நம் ஆலைப் பெண்கள் கூடிப் பேசி, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கேட் காவல்காரன் தனுஷ்கோடியிடம் தாளைக் கொடுத்தார்கள்.

"அண்ணாச்சி எழுதுனா பொய் இருக்காது. பொய் சொல்லிப் புகழுற அளவுக்கு அவருக்கு யாரையும் பிடிக்காது" என்றாள் பிளாஸ்டர் செக்சன் தங்கபாய்.

அவன் எழுத உட்கார்ந்ததும், இதே ஆலையில் வேலை பார்க்கும் அவன் மனைவி முத்தாத்தாள் பக்கத்தில் வந்து நின்றாள். "வெறுமனே புகழ்ந்துட்டு வந்துராதீக. எங்களையெல்லாம் மார்பு படம் எடுக்கக் கூட்டிட்டுப் போன அந்தம்மா, தனக்கு இன்னும் ஒரு படம் எடுக்கல. அதைச் சபையில கேளுங்க."

ஆகவே இந்த மடலில் பாராட்டும் உண்டு, கேள்வியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து வாசத்தோடு மனித வாசமும் மாறாத மைமூன் சிஸ்டர் அவர்களே,

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, 1979-இல் ராஜபாளையத்து எங்கள் பேண்டேஜ் கம்பெனிக்கு நர்சாக வந்து, மிஷினில் விரல் நசுங்கியவருக்கும் பஞ்சுத் தூசியில் மூச்சு முட்டியவருக்கும் பத்தொன்பது ஆண்டுகள் பக்கத்தில் நின்ற பண்பாளரே, அய்யோ பாவம் என்று அழுது காட்டாமல் ஆக வேண்டியதைப் பார் என்று அதட்டிய அன்புக்காரரே, எங்கள் அனைவரின் வணக்கம். தனுஷ்கோடியின் வணக்கமும் அதில் சேர்த்திதான், கொஞ்சம் தயக்கத்தோடு.

சந்தேகப்படுவது அவன் வேலை. ஷிப்ட் முடிந்து போகிற அத்தனை பேருடைய தூக்குச்சட்டியையும் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவான். 1992 தை மாதம் நீங்கள் நிர்வாகத்திடம் பேசி வேன் பிடித்து, நாற்பது வயதைத் தாண்டிய பதினாறு பெண்களை மதுரைக்கு அழைத்துப்போனபோதும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தான். மாமோகிராம் என்றீர்கள். மார்பகத்தில் கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்னாலேயே படத்தில் தெரியக்கூடும், ஒருமுறை எடுத்துவிட்டு விட்டுவிடக் கூடாது, தவறாமல் எடுத்துவர வேண்டும் என்றீர்கள். நோவே இல்லாத பெண்ணை எதற்கு வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும்? இதில் யாருக்கோ ஆதாயம் இருக்கிறது, இல்லாவிட்டால் ஆள்குறைப்புக்குப் பட்டியல் தயாராகிறது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அவன் சொன்னான். அந்த வருசம் முத்தாத்தாளை வேனில் ஏற விடவில்லை.

போய்வந்த தங்கபாய் கேட்டில் நின்று சிரித்தாள். "பேல் பிரஸ்ல துணியை அமுக்குறாப்ல ரெண்டு தட்டுக்கு நடுவுல வச்சு அமுக்குதாக அண்ணாச்சி. துணி கத்தாது, நான் கத்திட்டேன். செத்த நேரந்தான், முடிஞ்சுருது."

மறு வருசம் முத்தாத்தாள் அவனிடம் கேட்கவே இல்லை. போய்விட்டு வந்துதான் சொன்னாள். பத்து நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வந்தது. படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன, மறுபடி வரவும் என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்த தனுஷ்கோடிக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தை அவன் கோபமாக மாற்றிக்கொண்டான்.

நீங்கள் பதறவில்லை. முத்தாத்தாளை மருந்தறைக்குள் கூப்பிட்டு ஒன்றுதான் கேட்டீர்கள்.

"ஒண்ணும் பூசாம வரணும்னு சொன்னேனே, என்னத்தப் பூசுன?"

"பவுடர் கிவுடர் ஒண்ணும் போடல சிஸ்டரம்மா. வேர்க்குருவுக்கு மருந்து மட்டுந்தான்."

"என்ன மருந்து?"

"நம்ம ஜிங்க் பொடிதான். பசை காய்ச்சுற அறையில தையிலயும் வேர்த்துக் கொட்டுதுல்ல, எல்லாரும் மாருக்கு அடியில அதைத்தான் பூசுதோம்."

பிளாஸ்டருக்குப் பசையில் கலக்கிற துத்தநாகப் பொடி அது. காலையில் குளித்துவிட்டுப் பழக்கத்தில் பூசிக்கொண்டு வேன் ஏறியிருக்கிறாள். எக்ஸ்ரேயில் அந்தப் பொடி வியாதியைப் போலவே வெள்ளையாக விழும் என்று நீங்கள் விளக்கினீர்கள்.

தனுஷ்கோடிக்கு அது போதுமாக இருந்தது. பொடிக்கும் வியாதிக்கும் வித்தியாசம் தெரியாத மிஷினுக்கா இம்புட்டு மரியாதை என்று கேட் அதிரப் பேசினான். பொடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது, கழுவிவிட்டு இன்னொரு படம் எடுத்தே ஆக வேண்டும் என்றீர்கள். அவன் மாட்டேன் என்றான். நீங்கள் மூன்று வாரம் விடவில்லை. ஒருநாள் ஷிப்ட் முடிகிற நேரத்தில் வந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டீர்கள்.

"அண்ணாச்சி, தினமும் எல்லாரு சட்டியையும் திறந்து பாக்கீகளே, இவுக எல்லாரும் திருடிகளா?"

"யாரு சொன்னா? அம்புட்டுப் பேரும் நல்ல பிள்ளைக."

"பொறவு எதுக்குப் பாக்கீக?"

"பாக்காம எப்படித் தெரியும்?"

"நேத்துத்தான் பாத்தீகளே."

"நேத்துப் பாத்தது நேத்தோட சரி."

"அதைத்தான் அண்ணாச்சி நான் மூணு வாரமா சொல்லுதேன்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவன் அடுத்த சட்டியைத் திறந்தான். சட்டியும் உடம்பும் ஒன்றா என்று இன்றைக்கும் கேட்பான். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை முத்தாத்தாளும் நீங்களும் மதுரை பஸ் ஏறியபோது, ஏமாற்று வேலை நடக்கிறதா என்று பார்க்கவே அவனும் ஏறினான்.

நம் ஆலைத் துணியையே நனைத்து, நீங்கள் அவளை இரண்டு தடவை துடைத்துவிட்டதாக முத்தாத்தாள் பிறகு சொன்னாள். புதுப் படத்தைப் பழைய படத்தின் பக்கத்தில் வைத்து, டாக்டர் வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளைப் புள்ளிகள் அத்தனையும் போயிருந்தன. இடது பக்கம் ஓர் இடத்தில் மட்டும், கடுகை உடைத்துப் போட்டாற்போல ஒரு சிறு கூட்டம் போகாமல் நின்றது. டாக்டரின் கைக்கு அது தட்டுப்படவில்லை. முத்தாத்தாளுக்கு வலியும் இல்லை. ஊசி போட்டுச் சதையெடுத்துப் பார்த்ததில் புற்று என்றார்கள், பரவாத நிலை என்றார்கள். அந்த இடத்தை மட்டும் அறுத்து எடுத்தார்கள், பிறகு கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். ஐந்து வருசம் ஓடிவிட்டது. இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தனுஷ்கோடியை முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் டாக்டரிடம் கேட்டான். "உறுதியாச் சொல்ல முடியாது, வளர்ந்திருக்கும்னுதான் நெனைக்கோம்" என்றார். அந்த 'நெனைக்கோம்' என்பதை அவன் இன்றுவரை விடவில்லை.

உங்களிடமும் கேட்டான். "நூத்துக்கு நூறு அந்தப் படம் பிடிச்சுருமா?"

"பிடிக்காது அண்ணாச்சி. சிலது தப்பிப் போகும், சிலதுல வீணாப் பயங்காட்டும். அதனாலதான் கையாலயும் பாக்கணும்னு சொல்லுதேன். அப்படியும் எடுக்காம இருக்குறதுக்கு எடுக்குறது மேல்."

உண்மையை உள்ளபடி உரைத்த உத்தமியே, கெட்டிக்காரத்தனத்தைக் கருணைக்குள் ஒளித்துவைத்த செவிலித்தாயே, தனுஷ்கோடி இத்தனை வருசத்தில் கேட்ட பதில்களில் திருப்பிக் கேட்க ஒன்றுமில்லாத பதில் அது ஒன்றுதான். உங்களைப் புகழ அவனிடம் இருக்கிறதும் அது ஒன்றுதான்.

இனிக் கேள்வி. இந்த ஏழு வருசமும் மதுரையில் நீங்கள் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து பெண்களின் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கூட வந்தவர்கள் அத்தனை பேரும் சொல்கிறார்கள், ஒரு வருசம்கூட நீங்கள் உள்ளே போகவில்லை. முதல் வருசம் பெண்கள் பயந்தார்கள், துணைக்கு வெளியே ஆள் வேண்டும் என்றீர்கள். போன வருசம் உங்கள் முறையைப் புதிதாகச் சேர்ந்த ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தீர்கள். உங்களுக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்தப் படத்தை நம்பாத தனுஷ்கோடி கேட்கிறான்: நம்புகிற நீங்கள் ஏன் எடுக்கவில்லை?

நேற்றுக் கேட்டில் கேட்டதற்கு, "ரிட்டயர் ஆனதும் முதல் வேலை அதுதான் அண்ணாச்சி" என்றீர்கள். முதல் வேலை அதுதான் என்று சொல்லிக் கேட்டைத் தாண்டிய எத்தனையோ பேரை அவன் பார்த்திருக்கிறான்.

நோய் நொடி அண்டாது நூறாண்டு வாழ்க என்று சொல்லிவிட்டுக் கலைந்துபோக எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. வருகிற தை பதினைந்தாம் தேதி வேன் புறப்படுகிறது. பட்டியலில் முதல் பெயராக உங்களை எழுதியாகிவிட்டது. இந்தத் தடவை பைகளை முத்தாத்தாள் பார்த்துக்கொள்வாள். நீங்கள் உள்ளே போய்வந்த பிறகு, எங்கள் வாழ்த்து முழுமையாக உங்களைச் சேரட்டும்.

வாசித்து முடித்ததும் தனுஷ்கோடி இந்த மடலை உங்கள் கையில் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவான். நீங்கள் மைக்கைப் பிடித்து, கட்டாயம் வாரேன் என்பீர்கள். எல்லோரும் கைதட்டுவார்கள். அதைக் கேட்க அவன் நிற்க மாட்டான். கேட்டுக்கு நடந்துவிடுவான். அவனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

என்றும் உங்கள் அன்பில்,
பேண்டேஜ் கம்பெனித் தொழிலாளர்கள், அலுவலர்கள்
ராஜபாளையம், 31-12-1998