வயிற்றுக்குள் ஒரு தரகன்

"அப்ப என்ர வயித்துக்குள்ளயும் ஒரு தரகன் ஒக்காந்திருந்தானா?"

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் போகிற பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் இப்படிக் கேட்டதும் நான் காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன். அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது, அவர் மாட்டுத் தரகர். வயிற்றுப் புற்றுக்கு ஆபரேஷன் ஆனவர். கட்டி திரும்பி வரவில்லை என்று அன்று காலைதான் டாக்டர் சொல்லியிருந்தார். இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிற மகள்.

"தரகன்னு நான் சொல்லலீங்ப்பா. ஆர்.என்.ஏ.ன்னேன். அதுல சிலது புரதமே செய்யாது. சும்மா கெடக்குதுன்னுதான் முன்னால நெனச்சாங்க. பாத்தா, சிலது கட்டிய வளரு வளருன்னு தூண்டி உடுது. சிலது அடக்கியும் வெக்குது."

"அதேதான் கண்ணு நானும்! மாடும் என்ரது இல்ல, காசும் என்ரது இல்ல. துண்டுக்குள்ள கைய உட்டு, வெலைக்குத் தக்கன வெரலப் புடிப்பேன். வேவாரம் முடியறதும் முறியறதும் அதுலதான்."

மகள் சத்தமாகச் சிரித்தாள். "இனி லேப்ல இப்படியே சொல்றனுங்ப்பா."

மனைவி டப்பாவைத் திறந்து ஒரு இட்லியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். "ஏனுங்க, கொஞ்சங் கொஞ்சமாத்தான் திங்கோணும். டாக்டர் சொன்னது நெனப்பிருக்குதுங்களா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மனைவியின் கைமேல் போட்டு, தன் கையையும் உள்ளே விட்டார்.

"மூணெல்லாம் ஆகாதுங்க," என்றார் மனைவி, சிரிப்பை அடக்க முடியாமல். "வேணும்னா ஒண்ணு."