தோல் நிறம் நாற்பத்தொன்று

— இதை ரிப்பேர் பண்ணீங்களா, இல்ல மஞ்சள் பெயின்ட் அடிச்சீங்களா தம்பி? நல்லா இருந்த மனுஷனை இப்படி ஆக்கி வெச்சிருக்கீங்க!

— கவனிங்கக்கா, எந்த மனுஷனை?

— என் வீட்டுக்காரரைத்தான். வேற எவனுக்காக இவ்வளவு பெரிய டிவியை ரெண்டாவது தடவையா ஆட்டோவுல ஏத்திட்டு வரப் போறேன்? முந்தாநாள் உங்க கடையிலேருந்து எடுத்துட்டுப் போனேன். நேத்து அவரு அனுப்பின கேசட்டு வந்துச்சு. போட்டுப் பார்த்தா மூஞ்சி மஞ்சளா நிக்குறாரு.

— செய்தி வாசிக்கிறவங்களும் மஞ்சளா தெரியுறாங்களா?

— இல்ல, அவங்க பளிச்சுன்னு இருக்காங்க. உள்ளதைச் சொன்னா, முன்னைவிட நல்லா இருக்காங்க. முன்னெல்லாம் அந்தம்மா நாலு மாடி ஓடி ஏறி வந்து உக்காந்த மாதிரி கன்னமெல்லாம் செவந்து கிடக்கும்.

— அதை ஏன் அப்பவே சொல்லல?

— அந்தம்மா செவந்தா எனக்கென்ன, கறுத்தா எனக்கென்ன? என் ஆளு மூஞ்சி நல்லா தெரிஞ்சுது, போதும்னு விட்டுட்டேன்.

— காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்லுவாங்க. உங்க கண்ணுக்கு ஒருத்தர் மட்டும் மஞ்சளா தெரியுறாரு. கவனிங்க, இது புது வியாதி.

— சிரிப்பை அப்புறம் வெச்சுக்கலாம். கேசட்டைக் கொண்டாந்திருக்கேன். போடுங்க.

— போட்டாச்சு... இவருதானா? நல்லா பேசுறாரே!

— வாய்க்கு என்ன குறைச்சல். டிவி பாக்டரியில வேலை, இங்கேருந்து ரெண்டு நாள் ரயில். அங்க கலர் சரிபார்க்கிற பிரிவு. அங்க இருக்கிற கேமராவிலயே மாசம் ஒரு கேசட்டு பிடிச்சு அனுப்புவாரு. இந்த டிவியும் நாலு மாசம் முன்னாடி அவரே பொறுக்கி எடுத்து அனுப்பினதுதான். உள்ள யாரும் எதையும் திருகக்கூடாதுன்னு சீட்டு வேற ஒட்டி வந்துச்சு.

— சட்டை என்ன கலர் போட்டிருக்காரு?

— வெள்ளை. நான் எடுத்துக் குடுத்ததுதான்.

— வெள்ளையாத்தான் தெரியுது. பின்னால செவுரு நீலம், அதுவும் சரி. முகமும் கையும்தான் மஞ்சளா இருக்கு.

— அதைத்தானே நானும் தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன்!

— கவனிங்கக்கா. இது பழைய டிவி மாதிரி இல்ல. வர்ற படத்தை முதல்ல எண்ணா மாத்திடும். இம்மாத்துண்டு புள்ளிக்குக்கூட ஒரு எண். அப்புறம் உள்ள இருக்கிற சிப்பு கணக்குப் போடும். கோடு விழுந்திருந்தா எடுக்கும், நிழல் விழுந்திருந்தா எடுக்கும். அதுல தோல் நிறத்துக்குன்னே தனியா ஒரு கணக்கு இருக்கு. மனுஷத் தோல் மாதிரி ஒரு நிறம் வந்துச்சுன்னா, அதைக் கொஞ்சம் இழுத்து நல்ல நிறத்துல கொண்டுபோய் நிறுத்தும்.

— பவுடர் பூசி விடும்னு சொல்லுங்க.

— அப்படியே வெச்சுக்குங்க. எவ்வளவு பவுடர்ங்கிறதுக்கும் ஒரு எண் உண்டு. அது மெமரி சிப்புல இருக்கும். இடி இறங்கி உங்க மெமரிதான் பாதி போயிருந்துச்சு. புதுசு மாத்தினேன்.

— அதோட அந்த எண்ணும் போச்சாக்கும்.

— போகல. கழட்டுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்குவேன், அது என் வழக்கம். இதோ பாருங்க, தோல் நிறம் நாற்பத்தொண்ணு.

— இப்போ எவ்வளவு இருக்கு?

— இருபது. அந்தக் கம்பெனி டிவி எது வந்தாலும் இருபதுதான் இருக்கும். நாற்பத்தொண்ணைப் பார்த்ததும் இடியில கெட்டுப்போன எண்ணுன்னு நெனச்சு, நானே இருபது வெச்சுட்டேன்.

— என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

— தப்புதான்க்கா. ஆனா ஒண்ணு இடிக்குது. செய்திக்காரம்மா எப்போலேருந்து செவப்பா இருந்தாங்க?

— டிவி வந்த முதல் நாளே அப்படித்தான்.

— இடி இறங்கினது?

— போன வாரம்.

— அப்போ அந்த எண்ணு இடியில மாறல. முதல்லயே நாற்பத்தொண்ணு வெச்சுத்தான் வந்திருக்கு. இருங்க, மூலையில ஒரு பழைய டிவி கிடக்கு. அதுல இந்தக் கணக்கு வழக்கெல்லாம் கிடையாது. வர்றதை வந்தபடி காட்டும். அதுல போட்டுப் பார்த்துடுவோம்.

— போடுங்க... இதுல எப்படித் தெரியுறாரு தம்பி?

— இதுலயும் மஞ்சளாத்தான் இருக்குக்கா.

— பழசுதானே, அதுவும் கெட்டுப் போயிருக்கும்.

— சட்டை வெள்ளையா இருக்கே.

— கொஞ்சம் நிறுத்துங்க. அங்கேயே, அவரு இந்தப் பக்கம் பார்க்கிறாரே அங்க. கண்ணைப் பாருங்க. வெள்ளை முழி வெள்ளையா இல்லையே தம்பி.

— உக்காருங்கக்கா. தண்ணி குடிங்க.

— பையில போன மாசக் கேசட்டும் இருக்கு. அதையும் போடுங்க.

— இதுலயும் இருக்கு. கொஞ்சம் கம்மி.

— தினம் ரெண்டு வேளை இதைப் பார்த்தேனே! சின்னவ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதைத்தான் போடச் சொல்லுவா. கண்ணாடியில கன்னத்தை ஒட்ட வெச்சுக்கிட்டு அப்பா அப்பான்னு கொஞ்சுவா. அப்பா பளபளன்னு இருக்காருன்னு நானும் சேர்ந்து சிரிச்சேன். நான் என்ன பொண்டாட்டி!

— தோல் கணக்கு மறைச்சிருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க?

— போனை எடுங்க. நான் நம்பர் சொல்றேன், நீங்க அடிங்க.

— ஸ்பீக்கர்லயே போடுறேன். எண்ணை எப்படி வைக்கணும்னு நானும் கேட்டுக்கிறேன்... மணி அடிக்குது.

— ஹலோ, கலர் பிரிவு.

— நான்தான்.

— அடடே, மகாராணியே கூப்பிடுறாங்க! கேசட்டு கிடைச்சுதா? இந்தத் தடவை நம்ம நடிப்பு எப்படி?

— டிவி ரிப்பேர். மெக்கானிக் கடையிலேருந்து பேசுறேன்.

— ரிப்பேரா? யாரு உள்ள கை வெச்சது?

— வணக்கம் சார், நான்தான். மெமரி மாத்தினேன்.

— வணக்கம் தம்பி. தோல் நிறம் எவ்வளவு வெச்சீங்க?

— இருபது சார்.

— நாற்பத்தொண்ணு வைங்க. எல்லாம் சரியாயிடும். அப்புறம் மகாராணி, ஊருல என்ன விசேஷம்?

— ஒரு நாளைக்கு எத்தனை டிவி உங்க கையில போகும்?

— இருநூறு போகும். ஏன், இன்னொண்ணு வேணுமா?

— அத்தனைக்கும் இருபது. நாலு மாசம் முன்னாடி அனுப்பின ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் நாற்பத்தொண்ணு. கேட்ட மாத்திரத்துல சொல்றீங்க.

— அது வந்து... அந்த மாடலுக்கு அப்படி.

— பழைய டிவியில போட்டுப் பார்த்துட்டேங்க. உங்க கண்ணு மஞ்சளா இருக்கு.

— பார்த்துட்டியா.

— எப்போலேருந்து?

— உனக்கு டிவி அனுப்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. கேமரா முன்னாடி நின்னேன், திரையில மஞ்சளா இருந்தேன். கேமராவுலதான் கோளாறுன்னு பக்கத்துல இருந்தவனை நிக்க வெச்சேன். அவன் நல்லா இருந்தான். அப்புறம் உனக்குன்னு எடுத்து வெச்ச டிவியில ஒவ்வொரு எண்ணா ஏத்திப் பார்த்தேன். நாற்பத்தொண்ணுல பழைய ஆளா தெரிஞ்சேன்.

— டாக்டரைப் பார்த்தீங்களா?

— பார்த்தேன். பித்தக்குழாயில கல்லு அடைச்சிருக்காம். அறுத்து எடுத்துட்டா சரியாயிடும்கிறாரு.

— அப்புறமும் நாலு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?

— மருந்துல கரையுமான்னு பார்த்தேன். கத்தின்னா எனக்குப் பயம்டி. எங்கப்பா சிரிச்சுக்கிட்டுத்தான் உள்ள போனாரு, நான் வாசல்ல நின்னுட்டிருந்தேன். திரும்பி வரல. உன்கிட்ட சொன்னா மறுநாளே வந்து என்னை இழுத்துட்டுப் போய்ப் படுக்க வெச்சிருவ.

— வெப்பேன். படுக்க வெச்சு, கதவைச் சாத்துற வரைக்கும் உங்க கையைப் பிடிச்சுட்டு நிப்பேன்.

— கோபமா இருக்கியா?

— இல்லாம? நாலு மாசமா அங்க ஒத்தையில பயந்துட்டு, எனக்குச் சிரிச்சுக் காட்டியிருக்கீங்களே, அந்தக் கோபம் எனக்குச் சாகுற வரைக்கும் போகாது. நாளைக் காலையில ரயில் ஏறுறேன். நான் வர்றதுக்குள்ள டாக்டர்கிட்ட தேதி வாங்கி வைங்க. வாங்கலைன்னா நான் வந்து வாங்குவேன்.

— சின்னவ பார்த்துட்டாளா?

— இல்ல. நேத்து என் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. இன்னைக்குச் சாயங்காலம் வருவா.

— கேசட்டு வரலைன்னு சொல்லிடு.

— நான் பார்த்துக்கிறேன். முதல்ல போய்ச் சாப்பிடுங்க. வெச்சிடுறேன்.

— அக்கா, என்ன சொல்றதுன்னு தெரியல. உங்களைக் கேக்காம எண்ணை மாத்தினதுக்கு...

— நீங்க மாத்தாம இருந்திருந்தா, அங்க மனுஷன் போய்ச் சேர்ந்திருப்பாரு. இங்க நானும் சின்னவளும் செக்கச்செவேல்னு ஒருத்தரைப் பார்த்துச் சிரிச்சிட்டிருந்திருப்போம். உங்க தப்புதான் என் தாலியைக் காப்பாத்தியிருக்கு தம்பி.

— அழாதீங்கக்கா. கல்லுதானே, எடுத்துடுவாங்க. டிவி இங்கயே இருக்கட்டும், நீங்க போயிட்டு வந்து எடுத்துக்கலாம்.

— வேணாம். நான் இல்லாத நாள் பூரா தங்கச்சி வீட்டுல வந்து இருப்பா, சின்னவ அப்பாவைப் பார்த்துட்டுத்தான் சோறு திம்பா. நாற்பத்தொண்ணு வைங்க. புதுக் கேசட்டுக்கு அது பத்தலைன்னா, அவரு பழைய ஆளா தெரியுற வரைக்கும் கூட்டிக்கிட்டே போங்க.