மேல் நிரையில் ஒரு குரல்

எனக்குக் குரல் கொஞ்சம் பெரியது, சார். சபையில் மைக் பழுதானால் போதகர் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். தேயிலை எஸ்டேட்டிலும் அதனால்தான் எனக்கு எப்போதும் மேல் நிரை.

நீங்கள் மஞ்சூர் ஃபாரஸ்ட் ரேஞ்சுக்குப் புதிது. அதனால் சொல்கிறேன். இங்கே சரிவில் பனி அடைத்துக்கொண்டால், எதிரே நிற்பது தேயிலைச் செடியா காட்டுமாடா என்று தெரியாது. கொழுந்து பறிக்கும்போது ஒருத்தி மேட்டில் இருப்பாள். அங்கே பனி விலகி விலகித் தெரியும். மாட்டைக் கண்டால் கத்துவாள். இல்லையென்றால் பாடிக்கொண்டே பறிப்பாள். பாட்டுக் கேட்டால் வழி சுத்தம், யாரும் நம்பி ஏறி வரலாம். பதினாறு வருஷமாக அது என் வேலை. இந்தச் செவ்வாய் வரை ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது.

மரியஅந்தோணியைக் காட்டுமாடு முட்டியதைப் பற்றி, "பனியில் எதுவும் தெரியவில்லை" என்று நான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சொன்னது நான்தான். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

அவன் கொழுந்து லாரி ஓட்டியவன். போன வருஷம் தை மாதம், எடை போடும் கொட்டகை முன்னால், செல்போனில் பேசிக்கொண்டே லாரியைப் பின்னுக்கு எடுத்தான். பின்னால் என் மகள் பியாட்ரிஸ் நின்றிருந்தாள். நர்சிங் படித்தவள். லீவுக்கு வந்த இடத்தில் எனக்குச் சோறு கொண்டு வந்தாள். தூக்குவாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அதில்தான் சாப்பிடுகிறேன்.

ஏழு மாதம் கோபத்தில் எரிந்தேன். அவன் ஜாமீனில் வந்த அன்று கவாத்துக் கத்தியைத் தீட்டினேன். போதகர் வந்து அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

"மன்னிக்காத மனசோட ஜெபம் பண்ணுனா, அது இந்தத் தகரக் கூரையைத் தாண்டாதுங்க தபித்தாள்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். சரி என்றுதான் பட்டது.

ஒரு ஞாயிறு, மாதா கோயில்காரனான அந்தோணி எங்கள் சபைக்கு வந்து என் காலில் விழுந்தான். "என்னை அடிச்சுப் போடுங்கக்கா" என்றான். தூக்கி நிறுத்தினேன். "உன்னை மன்னிச்சுட்டேன், தம்பி" என்றேன். சபையே அழுதது. கோபம் அன்றே போய்விட்டது. எங்கே போனது என்று நான் தேடவில்லை. அப்புறம் ஜெகதளா, குன்னூர் என்று ஜெபக் கூட்டத்துக்கு ஜெபக் கூட்டம், நான் மன்னித்ததைச் சாட்சியாகச் சொல்ல என்னை அழைத்துப் போனார்கள்.

அவன் பிறகு லாரியைத் தொடவில்லை. தோட்டத்தில் மருந்தடிக்கச் சேர்ந்தான். தினமும் பத்து மணிக்கு எனக்கு டீ எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறி வருவான். திரும்பும்போது என் கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொள்வான்.

"பெத்த மகன்கூட இப்படித் தாங்கமாட்டான். உனக்கென்னடி, மகாராணி" என்று பக்கத்து நிரை பேச்சியம்மா கேலி செய்வாள். நான் சிரிப்பேன். அவன் தந்த டீயை ஒரு நாளும் நான் மிச்சம் வைத்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை பேச்சியம்மா வரவில்லை. மேட்டில் நான் மட்டும். பத்து மணி வாக்கில், கீழிருந்து வரும் ஒற்றையடிப் பாதையின் திருப்பத்தில் ஒரு தனிக் காட்டுமாடு வந்து நின்றது. ஆண். பாட்டை நிறுத்தினேன். கத்த வாயைத் திறக்கும்போது, கீழே பனிக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"ஏனுங்கக்கா, சத்தத்தையே காணோம்? பாட்டு மறந்துபோச்சுங்களா? மாடு கீடு நிக்குதா?"

மாடு எனக்கு நன்றாகத் தெரிந்தது, சார். கொம்பில் ஒட்டியிருந்த சேறுகூடத் தெரிந்தது. தொண்டைக்கும் ஒன்றுமில்லை.

நான் பாடினேன்.

பியாட்ரிஸைக் குழியில் இறக்கும்போது பாடிய பாட்டு. அதன்பின் அதை நான் பாடியதே இல்லை. வார்த்தை ஒன்றும் மறக்கவில்லை. டீ ஆறிவிடும் என்றோ என்னவோ, அவன் செருப்புச் சத்தம் வேகமாக ஏறி வந்தது. மூன்றாவது சரணம் முடியும்வரை நான் நிறுத்தவில்லை. அதற்கு முன்பே கீழே சத்தம் அடங்கிவிட்டது.

நேற்று அடக்கம் முடிந்ததும் அவன் மனைவி கலைமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வாயில்லா மாட்டைக்கூட என்னால மன்னிக்க முடியலைங்கக்கா. நீங்க எப்படி மன்னிச்சீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள். மாட்டின் மேல் பழி கிடப்பது நியாயமில்லை என்று பட்டது. வந்துவிட்டேன்.

போலீஸுக்குச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கோபத்தைச் சபை நடுவில் விட்டவள் நான். இருநூறு பேர் பார்த்திருக்கிறார்கள்.

ஞாயிறு காலை மட்டும் ஒரு மணி நேரம் என்னை விடச் சொல்ல முடியுமா, சார்? சொல்லிக் கொடுப்பதாகக் கலைமதிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மன்னிப்பதைப் பற்றி இந்த மலையில் என்னைவிட யாருக்குத் தெரியும்?